ஹண்டேயிலிருந்து ஹீட் பம்ப் வரை: எங்க ஊர் வெந்நீரின் வரலாறு

தேர்வு எல்லாம் முடிஞ்சாச்சு. போன பதிவு முழுக்க டைனோசர் பத்தி எழுதி உங்களை எல்லாம் தூங்க வைத்துவிட்டேன் என்று என் பெஞ்ச் தோழி சொன்னாள். அதனால் இந்த முறை நம்ம ஊர் விஷயம். அதுவும் குளிக்கிற விஷயம். சிரிக்காதீங்க, இது நிஜமாவே வரலாற்றுக் கட்டுரைதான் :-)

இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது ஐரோப்பாவில் வீடுகளைச் சூடாக்க 'ஹீட் பம்ப்' மாட்டுகிறார்கள், அதற்கு ஒரே சண்டை என்று படித்தேன். ஜெர்மனியில் 2023-ல் அதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்து, ஆளும் கூட்டணிக்குள்ளேயே அடிதடி ஆகாத குறை. இங்கிலாந்தில் 2023 அக்டோபரிலிருந்து பழைய கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் மாட்டினால் அரசே 7,500 பவுண்டு தருகிறது. படித்தவுடன் எனக்குத் தோன்றியது: நமக்கு என்ன சம்பந்தம்? நாம்தான் வீட்டைச் சூடாக்குவதே இல்லையே!

அப்புறம் யோசித்தால்... வீட்டைச் சூடாக்குவதில்லை, சரி. தண்ணீரைச் சூடாக்குகிறோமே! ஓசூரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தமிழ்நாடு என்றாலே கொளுத்தும் வெயில் என்று நினைப்பவர்கள் டிசம்பர், ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று பாருங்கள். 15 டிகிரியை ஒட்டி இருக்கும், சில நாள் அதற்கும் கீழே போகும். பக்கத்துத் தளிக்கு 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரே உண்டு. வெள்ளைக்காரர்கள் 1824-லேயே ஓசூரில் குதிரை வளர்க்கப் பண்ணை போட்டார்கள் (இன்றைய கால்நடைப் பண்ணைதான் அது). இந்தக் குளிரில் முதல் ஷிப்ட்டுக்குக் காலை 6 மணிக்குள் கம்பெனிக்குள் இருக்க வேண்டும் என்றால் 4 மணிக்கு யாராவது எழுந்து வெந்நீர் வைத்தாக வேண்டும். அந்த 'யாராவது' யார் என்பதுதான் இந்தக் கட்டுரையே.

1. ஹண்டே காலம்

எங்க அவ்வா (அப்பாவின் அம்மா) தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். எங்கள் பகுதி எப்படி என்றால் வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். அதனால் தமிழில் அண்டா என்று சொல்வதை அவ்வா 'ஹண்டே' என்றுதான் சொல்வார். குளிக்கிற அறையின் ஒரு மூலையில் மண் அடுப்பு. அதன் மேல் பெரிய தாமிர ஹண்டேயைக் கழுத்து வரைக்கும் வைத்துப் பூசிவிட்டிருப்பார்கள். எடுக்கவே முடியாது. அடியில் விறகு வைக்க அறைக்கு வெளிப்பக்கம் ஒரு வாய் இருக்கும். மாலையிலேயே தண்ணீர் நிரப்பி, காலையில் தீ மூட்டினால் வீட்டில் எல்லோரும் குளித்து முடிக்கிற வரை தண்ணீர் சூடாகவே இருக்கும். கடைசியில் குளிக்கிறவர்களுக்குத் தணல் சூடு. அவ்வா எப்போதும் கடைசி.

எரிக்க என்ன? எங்க பகுதியில் பட்டுப்பூச்சி வளர்ப்பவர்கள் அதிகம். மல்பெரி இலையைப் புழுவுக்குப் போட்டபின் மிஞ்சுகிற குச்சி காய்ந்தால் நல்ல எரிபொருள். அப்புறம் தைல மரப் பட்டை, தென்னை மட்டை, தொட்டி (தேங்காய் ஓடு), மாந்தோப்பில் கழித்த கிளை. இது எதுவும் இல்லாதவர்கள் காட்டுக்குப் போக வேண்டும். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. இந்தக் காடுகளில் பெரும்பகுதி 2014-ல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் ஆனது. விறகுக்குப் போகிற பெண்கள் கூட்டமாகத்தான் போவார்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே போவார்கள். வம்பளக்க இல்லை. ஆள் வருகிறது என்று யானைக்குத் தெரியட்டும் என்பதற்காக. அவ்வா சொன்னது இது.

இந்த ஹண்டே அழகாகத்தான் இருக்கும். தீபாவளி அன்று அதற்கு மஞ்சள் குங்குமம் எல்லாம் வைப்பார்கள். ஆனால் அவ்வாவின் இருமலைக் கேட்டவர்கள் அதை அழகு என்று சொல்ல மாட்டார்கள். விறகுப் புகை நுரையீரலை எப்படிக் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவ்வாவுக்கு டாக்டர் சொன்னதும் அதேதான். "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று டாக்டர் முதலில் கேட்டாராம். அவ்வா அதற்கு இன்று வரை கோபமாக இருக்கிறார்.

2. சிப்காட் வந்தது, கம்பி வந்தது

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-ல் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும், 1987-ல் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. பிரஷர் குக்கர்கூட இங்கே தயாராகிறது. தர்மபுரி மாவட்டத்தின் ஒரு மூலையாக இருந்த ஊர், 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனபோது அதன் பெரிய நகரமாக இருந்தது. 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

இதற்கும் வெந்நீருக்கும் என்ன சம்பந்தம்? வேலைக்கு வந்தவர்கள் தங்க வீடு வேண்டும். அதற்காக வந்ததுதான் லைன் வீடு. ஒரு சமையலறை, ஒரு அறை, பொதுக் குளியலறை. ஹண்டே பதிக்க இடம் இல்லை. விறகு அடுக்க இடம் இல்லை. புகை வந்தால் ஹவுஸ் ஓனர் கத்துவார். ஆக விறகு போய் முதலில் மண்ணெண்ணெய் ஸ்டவ், அப்புறம் கேஸ். 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. இரண்டும் சமையலறைப் புகையைக் குறைத்தன. உண்மைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சமையலுக்குக் கேஸ் வந்த பல கிராமத்து வீடுகளில் குளியல் தண்ணீருக்கு இன்றைக்கும் விறகுதான். எங்க அவ்வா வீடும் அப்படித்தான். "சிலிண்டரைத் தண்ணி காயவெச்சே தீர்த்துட்டா சோத்துக்கு என்ன பண்றது?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. திட்டங்கள் எல்லாம் சமையலை மட்டும் கணக்கில் எடுத்தன. குளியல் கணக்கிலேயே வரவில்லை.

லைன் வீட்டில் கேஸையும் மிச்சம் பிடிக்க வந்ததுதான் ஹீட்டர் ராடு. பக்கெட்டில் தொங்கவிட்டு ஸ்விட்ச் போடுகிற அந்தச் சுருள் கம்பி. சில நூறு ரூபாய். எங்கள் வீட்டிலும் அதுதான். எனக்கு எட்டு வயது இருக்கும்போது அம்மா ஒரு நாள் விடியற்காலை ஸ்விட்சை அணைக்காமல் தண்ணீர் சூடு பார்க்கக் கையை விட்டுவிட்டார். தூக்கி அடித்துச் சுவரில் மோதினார். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் இன்னும் லேசாக மரத்துப்போகிற இடம் உண்டு. அந்த வீட்டில் எர்த் வயரே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. இதைப் படிக்கிற யாராவது ராடு பயன்படுத்தினால்: ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கியபிறகுதான் தண்ணீரைத் தொடுங்கள். இரும்பு பக்கெட் கூடவே கூடாது.

3. மின்வெட்டும் சூரியனும்

சொந்த வீட்டுக்காரர்கள் கீசர் மாட்டினார்கள். ராடும் கீசரும் அடிப்படையில் ஒன்றுதான். கம்பி சூடாகிறது, தண்ணீர் சூடாகிறது. ஆனால் 2008 முதல் சில வருடங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. கீசர் சுவரில் தொங்குகிற வெள்ளை டப்பா ஆனது. கழற்றி மூலையில் வைத்த அண்டாக்கள் திரும்ப வந்தன.

அப்போதுதான் எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். பெங்களூரு மொட்டை மாடிகளில் சோலார் வாட்டர் ஹீட்டர் வரிசை வரிசையாக நிற்பதை ரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். அது தானாக வந்துவிடவில்லை. கர்நாடக அரசு 2007-ல் ஒரு அளவுக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு சோலார் வாட்டர் ஹீட்டரைக் கட்டாயமாக்கியது. சோலார் வைத்தவர்களுக்கு யூனிட்டுக்கு 50 பைசா வீதம், மாதம் 50 ரூபாய் வரை கரண்ட் பில்லில் பல வருடம் தள்ளுபடியும் கொடுத்தார்கள். 50 ரூபாய் ஒரு பெரிய தொகையா என்று கேட்கலாம். ஆனால் மாதாமாதம் பில்லில் கண்ணில் படும் 50 ரூபாய் அது! ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே விற்கிற கடைக்காரர், மாட்டுகிற பிளம்பர் எல்லாம் இங்கேயும் வந்தார்கள். சொந்த மாடி உள்ளவர்கள் எல்லாம் சோலார் வைத்தார்கள்.

கவனிக்க: 'சொந்த மாடி உள்ளவர்கள்'. அதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

4. ஹீட் பம்ப்: 170 வருடப் பழைய 'புது' மெஷின்

இனி விஞ்ஞானம். பயப்பட வேண்டாம், ரொம்ப எளிது.

ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சூடாக இருக்கும். உள்ளே இருக்கிற காய்கறியின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதால் வருகிற சூடு அது. ஹீட் பம்ப் என்பது இதையே வேறு நோக்கத்தில் பயன்படுத்துவது. வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்துத் தொட்டித் தண்ணீருக்குள் தள்ளும். 'குளிர்காற்றில் ஏது வெப்பம்?' என்பீர்கள். நமக்குக் குளிராக இருக்கிற 15 டிகிரி காற்றிலும் வெப்பம் உண்டு. அதைவிடக் குளிர்ச்சியான ஒரு திரவத்தை அந்தக் காற்றில் காட்டினால் வெப்பம் அதற்குள் போகும். திரவம் ஆவியாகும். அந்த ஆவியை கம்ப்ரஸரில் அழுத்தினால் சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு ஆவி திரும்பத் திரவமாகும். சுற்றிச் சுற்றி இதேதான்.

லாபம் எங்கே? கீசரில் 1 யூனிட் கரண்ட் போட்டால் அதிகபட்சம் 1 யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். ஹீட் பம்பில் கரண்ட் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்ற மட்டுமே செய்கிறது. அதனால் நம்ம ஊர் காற்றுக்கு 1 யூனிட் போட்டால் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். மேஜிக் இல்லை, மீதி 2 யூனிட் காற்றிலிருந்து வந்தது.

யார் கண்டுபிடித்தது? அடிப்படைக் கணக்கைப் போட்டவர் பிரான்ஸின் சாடி கார்னோ. புத்தகம் வந்த வருடம் 1824. ஆமாம், ஓசூர் குதிரைப் பண்ணை தொடங்கிய அதே வருடம் :-) 1852-ல் லார்ட் கெல்வின் (அப்போது வில்லியம் தாம்சன்) இந்தத் தத்துவத்தை வைத்துக் கட்டடங்களைச் சூடாக்கலாம், குளிரவும் வைக்கலாம் என்று எழுதினார். அதே காலத்தில் பியாஸி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து வானியலாளர், வெப்ப நாடுகளில் அறைகளைக் குளிரவைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். ஆக, இந்த யோசனைக்குப் பின்னால் நம்ம ஊர் மாதிரி நாடுகளின் வெயிலும் இருந்திருக்கிறது. 1856-57-ல் ஆஸ்திரியாவில் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் எபன்ஸே உப்பு ஆலையில், நீராவியை அழுத்தி அதன் வெப்பத்தைத் திரும்பப் பயன்படுத்தினார். வேலை செய்த முதல் ஹீட் பம்ப் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

எனக்குப் பிடித்த கதை சுவிட்சர்லாந்துடையது. 1938-ல் சூரிக் நகர மன்றக் கட்டடத்தில் விறகு அடுப்புகளை எடுத்துவிட்டு, பக்கத்தில் ஓடுகிற லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் வைத்தார்கள். சுவிட்சர்லாந்தில் நிலக்கரி கிடையாது, ஆனால் அருவிகளிலிருந்து மின்சாரம் உண்டு. அடுத்த வருடமே இரண்டாம் உலகப்போர். நிலக்கரி இறக்குமதி திண்டாட்டம் ஆனதும் இன்னும் பல இடங்களில் வைத்தார்கள். சூரிக் மெஷின் 2001 வரை ஓடியது. 63 வருடம்! நம்ம வீட்டு மிக்ஸி எத்தனை வருடம் ஓடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு வரலாறு ஒரே மாதிரிதான். எண்ணெய் விலை ஏறினால் ஹீட் பம்ப் விற்கும், இறங்கினால் மறந்துவிடுவார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சுவீடன் விடாமல் பிடித்துக்கொண்டது. பனி கொட்டும் நார்வேயில் இன்று பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் உண்டு. ஜப்பானில் 2001-ல் 'எகோக்யூட்' என்ற பெயரில் குளியல் தண்ணீருக்கென்றே ஒரு வகை வந்து, இதுவரை அரைக் கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. 2022-ல் உக்ரைன் போரால் கேஸ் விலை எகிறியதும் ஐரோப்பா முழுக்கத் திரும்ப ஓட்டம். லண்டனில் இருக்கிற நம்ம தமிழர்கள் பலருக்கும் இப்போது 'பாய்லரை மாத்தலாமா வேண்டாமா' என்பது வீட்டுக் கேள்வி.

5. பெரியம்மா வீட்டு மெஷின்

புத்தகக் கதை போதும். நான் கண்ணால் பார்த்தது இது.

எங்க பெரியப்பா சிப்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரே வீட்டில் 9 பேர். மாடியில் சோலார் வைத்திருந்தார்கள். பத்து வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் பக்கத்து பிளாட்டில் மூன்று மாடி எழும்பி வெயிலை மறைத்துவிட்டது. பெரியப்பா அந்த வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போனார். "வெயில் என்ன உங்க பேர்ல பட்டாவா?" என்று கேட்டுவிட்டாராம். பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்ச காலம் கீசரில் ஓட்டினார்கள். பில் எகிறியது. 2023-ல் ஹீட் பம்ப் மாட்டினார்கள்.

முதல் வாரம் வீட்டில் பெரிய களேபரம். கீசர் மாதிரி ஸ்விட்ச் போட்டு ஐந்து நிமிடத்தில் வெந்நீர் வரும் என்று நினைத்திருக்கிறார்கள். வராது. 200 லிட்டர் தொட்டி மெதுவாக, மணிக்கணக்கில் ஏறும். "ஒரு லட்சம் கொட்டி பச்சத்தண்ணி வாங்கியிருக்கீங்க" என்று பெரியம்மா சொன்னதை அந்தத் தெருவே கேட்டது. பெரியப்பா பாவம், கையேட்டை எடுத்து முழுசாகப் படித்தார். விஷயம் புரிந்தது: இதை விடியற்காலையில் போடக் கூடாது, மத்தியானம் போட வேண்டும்! மத்தியானக் காற்று சூடாக இருப்பதால் மெஷினுக்கு வேலை குறைவு, கரண்ட் குறைவு. தொட்டிக்கு நல்ல உறை இருப்பதால் மறுநாள் காலை வரை சூடு பெரிதாகக் குறையாது. இப்போது 1 மணிக்கு டைமர். மாலையே ஹண்டேயை நிரப்பி வைக்கிற அவ்வா கணக்கு மாதிரிதான், கொஞ்சம் முன்னாடி!

மற்ற அனுபவங்கள்:

- வெளியே இருக்கிற யூனிட் ஏ.சி. மாதிரி சத்தம் போடும். படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.
- அது ஜில்லென்று காற்று விடும், தண்ணீரும் சொட்டும். பெரியம்மா அதற்கு ஒரு பக்கெட் வைத்து ரோஜாச் செடிக்கு ஊற்றுகிறார். (ஓசூர்க்காரர்கள், ரோஜா இல்லாமலா!)
- போர் தண்ணீர் உப்பு. கீசர், சோலார், ஹீட் பம்ப், எதுவானாலும் உள்ளே படியும். வருடம் ஒரு முறை சுத்தம் செய்யாவிட்டால் 3 யூனிட் வெப்பம் என்பதெல்லாம் பேச்சு.
- வோல்டேஜ் இறங்கினால் கம்ப்ரஸர் நின்றுவிடும். தனி ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியிருந்தது.
- ரிப்பேர் என்றால் உள்ளூர் பிளம்பர் கை வைக்க மாட்டார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கும் 'இது நம்ம ஐட்டம் இல்ல' என்பார். பெங்களூருவிலிருந்து ஆள் வர வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் ஹீட்டர் ராடுதான்.

இதையெல்லாம் தாண்டி லாபமா? கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு 20 லிட்டர் பக்கெட். 20 டிகிரி தண்ணீரை 42 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். 9 பேருக்கு 180 லிட்டர், அதற்கு 4.6 யூனிட் வெப்பம். கீசர் வீணாக்குவதையும் சேர்த்து நாளுக்கு 5 யூனிட் என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். ஹீட் பம்பில் 100. ஆக 200 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 2016 மே முதல் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கிற சலுகை விலையும் போய்விடும். பெரிய குடும்பத்துக்கு அந்த 200 யூனிட்தான் கோட்டைத் தாண்ட வைப்பது. யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு பில்லுக்கு 1,400, வருடத்துக்கு 8,400 ரூபாய். போட்ட காசு திரும்ப 12 வருடம்! மெஷின் அவ்வளவு நாள் ஓடுமா என்பது அதை யார் பராமரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான்கு பேர் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு கட்டவே கட்டாது. மாடியும் வெயிலும் இருந்தால் சோலார்தான் மலிவு. பெரியப்பாவிடம் இதைக் காட்டினேன். "தெரியும்மா. வெயில் போச்சே, என்ன பண்றது" என்றார்.

ஆனால் விடுதியில் கணக்கு தலைகீழ். 300 பேர் குளிக்கிற இடத்தில் இதே கணக்கைப் போட்டால் ஒரு நாளைக்கே 100 யூனிட் மிச்சம். வணிகக் கட்டணத்தில் அது சில வருடத்திலேயே போட்ட காசைத் திரும்பக் கொடுத்துவிடும். அதனால்தான் நம் நாட்டில் ஹீட் பம்ப் முதலில் ஹோட்டல், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல்களுக்குப் போனது. 2020-க்குப் பிறகு நம் மாவட்டத்தில் எலக்ட்ரானிக்ஸ், மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வந்து ஆயிரக்கணக்கான பெண்கள் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அங்கெல்லாம் இது பொருந்தும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்தால் அதன் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகிறது. 3 பங்கு வெப்பத்தை 1 ஆக்கி, கம்பியில் அனுப்பி, கீசரில் திரும்ப 1 பங்கு வெப்பமாக்குகிறோம். ஹீட் பம்ப் அந்த 1-ஐத் திரும்ப 3 ஆக்குகிறது. இழந்ததை ஏறக்குறைய மீட்டுவிடுகிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட ஆச்சரியம்.

6. மாடி யாருடையது?

இப்போது அந்த 'சொந்த மாடி' விஷயம்.

ஹண்டேயிலிருந்து ஹீட் பம்ப் வரைக்கும் வரலாற்றைப் பார்த்தால் மெஷின் மாறிக்கொண்டே வருகிறது. ஆனால் மாற்ற முடிந்தவர்கள் யார்? இடம் வைத்திருந்தவர்கள். சூரிக் நகர மன்றத்துக்குச் சொந்தக் கட்டடம். பெங்களூருவில் சட்டம் கட்டட உரிமையாளருக்கு. இங்கிலாந்தில் 7,500 பவுண்டும் வீட்டுச் சொந்தக்காரருக்கு. வாடகைக்கு இருப்பவர்கள் அங்கேயும் ஓனர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். வீட்டு ஓனருக்கு மெஷின் வாங்கினால் செலவு, கரண்ட் பில் மிச்சமாவது குடியிருப்பவருக்கு. அவர் எதற்கு வாங்குவார்? சிப்காட்டை ஓட்டுகிற தொழிலாளிகளில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது ராடு. ஹீட் பம்பைவிட அதிகக் கரண்ட் தின்பது அது, எல்லாவற்றிலும் ஆபத்தானதும் அதுதான்.

எங்கள் லைன் வீட்டில் ஐந்து குடும்பம். ஐந்து ராடு. போன மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஓனர் தாத்தாவிடம் போனேன். ஒரு தாளில் கணக்கெல்லாம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். "தாத்தா, மாடியில ஒரு பெரிய சோலார் பொதுவா வெச்சா, அஞ்சு வீடும் மாசம் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துடுவோம். மழை நாளுக்கு மட்டும் கரண்ட்" என்றேன். அவர் கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தார். "படிக்கிற பொண்ணு, நல்லாத்தான் எழுதியிருக்க. மாடியில துணி எங்க காயப்போடுறது?" என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அம்மா கேட்டுவிட்டு, "முதல்ல எர்த் வயர் போட்டுத் தரச் சொல்லு" என்றார்.

அதைச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து ஐந்து வீட்டுக்கும் எர்த் போட்டு, டிரிப் ஸ்விட்ச்சும் மாட்டிவிட்டுப் போனார். சோலார் பற்றி தாத்தா இன்னும் பதில் சொல்லவில்லை. தாள் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது, பார்த்தேன்.

உங்கள் வீட்டில் வெந்நீர் எப்படி? விறகா, ராடா, கீசரா, சோலாரா? யார் முதலில் எழுந்து வைக்கிறார்கள்? கடைசியில் குளிப்பது யார்? பின்னூட்டத்தில் எழுதுங்கள். வெளிநாட்டில் ஹீட் பம்ப் வைத்திருக்கும் தமிழர்கள் யாராவது படித்தால் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள், பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

பி.கு: இதை எழுதியபின் அவ்வாவுக்கு போனில் படித்துக் காட்டினேன். ஹீட் பம்ப், கெல்வின் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கேட்ட ஒரே கேள்வி: "அந்த மிஷினுக்குச் சாம்பல் வருமா?" வராது என்றேன். "அப்போ பாத்திரம் எதுல தேய்க்கிறது?" :-)